நாற்பது ஆண்டுப் போத்தல்: போர்தோ சிவப்பு வைன் முதிர்வது எப்படி, வீட்டு மேசையில் அதைச் சுவைப்பது எப்படி

பாரிஸ் நகரத்து உணவகங்களின் சமையலறைகளில் எம்மவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்து, சிலர் தலைமைச் சமையற்காரர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள். நானும் அந்த வழியால் வந்தவன்தான். இருபது வருடங்களுக்கு மேலாக வைன் கிளாஸ்களைக் கழுவியும் துடைத்தும் அடுக்கியும் இருக்கிறோம். ஆனால் அந்தக் கிளாஸ்களில் இருந்தது என்ன, ஒரு போத்தல் ஏன் 8 யூரோவுக்கும் இன்னொன்று 800 யூரோவுக்கும் விற்கிறது என்று எமக்கு யாரும் விளக்கியதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் நீண்டகாலம் வேலை செய்த உணவகத்தின் முதலாளி ஓய்வு பெற்றபோது, தன் நிலவறையில் இருந்த மூன்று போத்தல்களை எனக்குத் தந்தார். மூன்றும் போர்தோ பிரதேசத்துச் சிவப்பு வைன்கள். ஒன்று 1983, மற்றது 1995, மூன்றாவது 2009. அந்த ஆண்டுகளை அவர் எந்த எண்ணத்தோடும் தெரிவு செய்யவில்லை. கையில் இருந்ததைத் தந்தார். அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு வேறு விடயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாசிக்கும் உங்களுக்கும் வரும்.

தொடர முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. போருக்குப் பின்னர் மதுப் பாவனை எமது கிராமங்களில் குடும்பங்களை எப்படிக் குலைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாகக் கூறியது. வைனும் அதற்கு விலக்கல்ல. இங்கே நான் சொல்லப்போவது ஒரு பொருள் காலத்தோடு எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு என்னென்ன தேவை என்பதைப் பற்றியே.

போர்தோ என்பது எது?

போர்தோ பிரான்சின் தென்மேற்கில், அத்லாந்திக் சமுத்திரத்துக்கு அருகில் உள்ள துறைமுக நகரம். கறோன், தொர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் அதற்கு வடக்கே சேர்ந்து ஜிறோந் என்ற பெரிய கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. கழிமுகத்துக்கு மேற்கே உள்ள பக்கத்தை இடது கரை என்பார்கள். மெடொக், மார்கோ, போயாக் என்ற பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அங்கே நிலம் சரளைக் கல். கபெர்னே சோவினியோன் என்ற திராட்சை இனம் அதில் நன்றாக வரும். தொர்தோஞ் ஆற்றுக்கு வடக்கே வலது கரை. சென்-எமிலியோனும் பொமெறோலும் அங்கே உள்ளன. களியும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த அந்த நிலத்தில் மெர்லோ இனமே கூடுதலாகப் பயிராகிறது. முதலாவது இனத்தில் துவர்ப்பும் உறுதியும் அதிகம். இரண்டாவது மென்மையானது, சதைப்பிடிப்பானது. பெரும்பாலான போர்தோ சிவப்பு வைன்கள் இவற்றின் கலவைதான்.

இந்தப் பிரதேசம் பெயர் பெற்றதற்கு மண் மட்டும் காரணமல்ல. 1152 இல் இந்த நிலத்தின் வாரிசான எலெயனோர் சீமாட்டி, பின்னர் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியைத் திருமணம் செய்தாள். 1453 வரை ஏறத்தாழ 300 ஆண்டுகள் போர்தோ ஆங்கில அரசுடன் இணைந்திருந்தது. கப்பல் கப்பலாக வைன் இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் அது அந்தந்த ஆண்டே குடித்து முடிக்கப்பட்ட வைன். கண்ணாடிப் போத்தலும் இறுக்கமான தக்கையும் பரவலான 18ஆம் நூற்றாண்டில்தான் வைனை ஆண்டுக்கணக்கில் வைத்து முதிர விடுவது வழக்கமாயிற்று. 1855 இல், மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய கண்காட்சிக்காக, இடது கரையின் சிவப்பு வைன் தோட்டங்களை விலையின் அடிப்படையில் ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பெரிய மாற்றம் ஒன்றுதான்: 1973 இல் மூத்தோன் றொத்ஷில்ட் தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதலாம் தரத்துக்கு உயர்த்தப்பட்டது.

போத்தலுக்குள் நடப்பது என்ன?

பாக்கை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்கும். சாயத்தைக் கூடப்போட்டு ஊற்றிய வெறுந்தேநீரிலும் அதே துவர்ப்பு உண்டு. அதற்குக் காரணம் தனின் என்ற பொருள். அது உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டது போல இருக்கும். சிவப்பு வைனைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால், தோலின் நிறமும் தனினும் சாற்றில் இறங்குகின்றன. பிறகு நல்ல வைன்களை 225 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாக்களில் ஒன்றரை ஆண்டு வரை வைப்பார்கள். மரத்திலிருந்தும் கொஞ்சம் தனின் சேரும். ஆகவே இளம் போர்தோ கடுமையாக இருக்கும்.

போத்தலில் அடைத்துக் குளிர்ந்த இருட்டில் கிடத்தினால் மெதுவாக மாற்றம் தொடங்கும். தனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறப்பொருள்களோடும் இணைந்து பெரிதாகும். ஒரு கட்டத்தில் கரைந்திருக்க முடியாமல் அடியில் மண்டியாகப் படியும். அதனால்தான் பழைய வைனில் துவர்ப்புக் குறைகிறது, நிறமும் வெளிறுகிறது. இளமையில் நாவற்பழ நிறமாக இருப்பது முதலில் மாணிக்கச் சிவப்பாகும். பிறகு ஓரங்களில் செங்கல் நிறம் ஏறும். இறுதியில் மண்ணிறம்.

மணமும் மாறும். புதுப் பழ வாசனை குறைந்து, காய்ந்த புகையிலை, தோல், தேவதாரு மரம், மழைக்குப் பின் ஈரக் காட்டுத் தரை, காளான் என்று வேறு மணங்கள் வரும். இவை யாரும் சேர்த்தவை அல்ல. இரசாயன மாற்றத்தில் உண்டானவை.

எல்லா வைனும் வைத்தால் நன்றாகும் என்று நினைக்கக் கூடாது. போர்தோவில் உற்பத்தியாகும் வைனில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிக்க வேண்டியதே. துவர்ப்பும் புளிப்பும் பழச்சுவையும் ஆரம்பத்திலேயே போதிய அளவில் இருந்தால்தான் நீண்டகாலம் நிற்கும். மற்றவை வயதாகி வெறுமையாகிவிடும்.

போர்க்காலத்துப் போத்தல்கள்

1940 யூனில் ஜேர்மன் படைகள் போர்தோவுக்குள் நுழைந்தன. வைன் கொள்வனவுக்கென்று பேர்லின் ஒருவரை அனுப்பியது. பெயர் ஹைன்ஸ் பெமர்ஸ், பிறேமன் நகரத்து வைன் வணிகர். போருக்கு முன்னரே போர்தோ வணிகர்களுக்குத் தெரிந்தவர். பிரான்ஸ் முழுவதிலும் மில்லியன் கணக்கான போத்தல்கள் ஜேர்மனிக்குப் போயின. அவர்களோடு வியாபாரம் செய்த சில வணிகர்கள், போர் முடிந்த பின்னர் ஒத்துழைப்புக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள்.

மூத்தோன் தோட்டத்தின் உரிமையாளர் பிலிப் த றொத்ஷில்ட் யூதர். அவருடைய சொத்தை விஷி அரசு பறிமுதல் செய்தது. அவர் தப்பிச் சென்று லண்டனில் சுதந்திர பிரெஞ்சுப் படையில் இணைந்தார். பிரான்சில் இருந்த அவருடைய மனைவி எலிசபெத் கைது செய்யப்பட்டு, 1945 இல் றாவென்ஸ்புறுக் வதைமுகாமில் இறந்தார். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கடும் உறைபனி பெய்து மொட்டுகள் கருகின. அதன்பின் கோடை வறட்சி. காய்த்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்திலிருந்து வந்த வைன் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று கொண்டாடப்படுகிறது. 1945 மூத்தோன் போத்தலின் மேலுறையில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தை இளம் ஓவியர் பிலிப் ஜூலியான் வரைந்தார். மேலுறையில் வெற்றி இருக்கிறது. வீட்டில் மனைவி இல்லை. பழைய வைன்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாரிஸின் லா தூர் தார்ஜான் உணவகத்தில், ஜேர்மனியர் வருவதற்குள் சிறந்த போத்தல்களை நிலவறையின் ஒரு பகுதியில் வைத்துச் சுவர் கட்டி மறைத்தார்கள். பல இடங்களில் இப்படி நடந்தது. நகையையும் காணி உறுதியையும் சாரத்தில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் புறப்பட்ட எமக்கு இது புதிதல்ல. அவர்கள் திரும்பி வந்து சுவரை உடைத்தபோது பொருள் அப்படியே இருந்தது. எங்களில் பலருக்குத் திரும்பிப் போனபோது வளவே அடையாளம் தெரியவில்லை.

திறப்பதும் வடிப்பதும்

பழைய வைனைத் திறக்க அவசரம் கூடாது. கிடத்தி வைத்திருந்த போத்தலை ஒரு நாளாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். பக்கத்தில் படிந்த மண்டி அப்போதுதான் அடிக்கு இறங்கும். முப்பது, நாற்பது ஆண்டுத் தக்கை உதிரக்கூடும். முறுக்கித் திறக்கும் சாதாரணத் திருகாணிக்குப் பதிலாக, தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே இறங்கும் இரண்டு தகடுகள் கொண்ட கருவியைப் பயன்படுத்தினால் முழுதாக வரும்.

பிறகு வடித்தல். போத்தலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரியையோ கைவிளக்கையோ வைத்து, வேறொரு கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். கழுத்தில் கறுப்புக் கோடுபோல மண்டி வருவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சும். அது கசக்கும்.

இளம் வைனை இரண்டு மணி நேரம் முன்னதாகவே குடுவையில் ஊற்றிக் காற்றுப்பட விடலாம். ஒட்சிசன் பட்டால் அதன் இறுக்கம் தளரும். மிகப் பழையதை அப்படி விட்டால் இருக்கிற மணமும் பறந்துவிடும். சாப்பிட அமரும் நேரத்தில்தான் அதை வடிக்க வேண்டும். வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ். வெப்பமூட்டிய வீட்டின் 22 பாகை கூடுதலானது.

ஊற்றியதும் முதலில் மணக்க வேண்டும். நனைந்த மட்டைப் பெட்டி போல மணந்தால் தக்கையில் பழுது. பூஞ்சணத்தால் உண்டாகும் ஒரு சேர்வை அதற்குக் காரணம். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது.

எந்தச் சாப்பாட்டுடன்?

எங்கள் ஆட்டிறைச்சிக் கறியோடு பழைய போர்தோவைக் குடிப்பது வீண். மிளகாயின் எரிவை அற்ககோல் கூட்டும், அந்த எரிவில் துவர்ப்பும் கடுமையாகத் தெரியும். நாற்பது வருடமாக உருவான மெல்லிய மணம் சரக்குத் தூளுக்கு முன்னால் நிற்காது. அதில் யாருக்கும் குறைவில்லை. கறிக்குத் தண்ணீரோ மோரோ போதும்.

பிரெஞ்சுக்காரர் இதற்கு ஆட்டுக்குட்டி இறைச்சியையே சிறந்தது என்பார்கள். போயாக் பகுதியின் பால்குடிக் குட்டி இறைச்சி பெயர் பெற்றது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் தனினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்புத் தணிகிறது. கடந்த மார்கழியில் நான் வீட்டில் செய்தது ஒரு தொடை இறைச்சி. உள்ளி, உப்பு, கொஞ்சம் மிளகு, ஒலிவ் எண்ணெய் தடவி அடுப்பில் வாட்டினேன். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. அதற்கு முன்னர் வெண்ணெயில் வதக்கிய காளான். முடிவில் கொம்தே என்ற கடினமான பாற்கட்டி.

மேசையில் மூன்று ஆண்டுகள்

எட்டுப் பேர் இருந்தோம். என் மாமியும் மனைவியும் குடிப்பதில்லை. மற்ற ஆறு பேரும் சிறிது சிறிதாகவே ஊற்றிக்கொண்டோம். எல்லோரும் ரயிலில் வந்தவர்கள்.

மெல்லியது பின்னால் வந்தால் தடித்ததற்குள் மறைந்துவிடும் என்பதால் 1983ஐ முதலில் ஊற்றினேன். மார்கோ கிராமத்து வைன். போர்தோவில் 1982ஐத்தான் பெரிய ஆண்டு என்பார்கள். ஆனால் மார்கோவில் மட்டும் 1983 அதைவிடச் சிறப்பாக அமைந்தது. நிறம் செங்கல், ஓரம் மண்ணிறம். அற்ககோல் 12 வீதம்தான். துவர்ப்பு முழுவதும் அடங்கியிருந்தது. மாமி கிளாசை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, “பழைய பெட்டகத்தைத் திறந்த மாதிரிக் கிடக்கு தம்பி” என்றார். தேவதாரு மர மணம் என்று புத்தகங்களில் வருவதை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. முக்கால் மணி நேரத்தில் அந்த மணம் தேய்ந்து போயிற்று. கறுப்பு யூலையில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தவர் மாமி. அவரிடம் ஆண்டைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கிளாசைத் திருப்பித் தந்தார்.

1995, சென்-எமிலியோன். மெர்லோ கூடியது. நிறம் இன்னும் சிவப்பு. உலர்ந்த அத்திப்பழம், புகையிலை, கொஞ்சம் தோல். இறைச்சியோடு மிகப் பொருத்தம். துவர்ப்பு இருக்கிறது, ஆனால் உறுத்தவில்லை. மூன்றிலும் சரியான பருவத்தில் இருந்தது இதுதான். அந்த ஆண்டு ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்த வைனின் அறுவடை முடிந்து சாறு நொதித்து அடங்கிக்கொண்டிருந்திருக்கும். அந்த இடப்பெயர்வுக்குள் சாவகச்சேரியில் பிறந்த இளைஞர் ஒருவர் மேசையில் இருந்தார். பிரான்சில் பிள்ளை பிறந்த ஆண்டின் வைனை வாங்கி வைத்து, வளர்ந்த பின் திறக்கும் வழக்கம் உண்டு என்று சொன்னேன். அவர் போத்தலைக் கையில் எடுத்து மேலுறையைப் பார்த்தார். “எங்கட வீட்டில அந்த வருஷத்துச் சாமான் ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு படம்கூட இல்லை. நான் பிறந்த வருஷத்து எண் போட்ட பொருளை இப்பதான் முதல்முதல் கையில பிடிக்கிறன்” என்றார். வெறும் போத்தலைக் கழுவி அவரிடமே கொடுத்துவிட்டோம்.

2009, மெடொக். வெப்பமும் வெயிலும் நிறைந்த ஆண்டு. போர்தோவின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று என்று உலகமே எழுதியது. அற்ககோல் 14 வீதம். கறுத்த நிறம், பழுத்த பழம், இன்னும் வலுவான துவர்ப்பு. பத்து வருடம் தாராளமாக நிற்கும். அந்த செப்டெம்பரில் அங்கே கூடை கூடையாகப் பழம் பறித்தபோது, முள்ளிவாய்க்காலிலிருந்து மிஞ்சி வந்தவர்கள் மெனிக் பாம் முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வைன் புத்தகங்களில் 2009க்கு ஒரு பொருள், எமக்கு ஒரு பொருள். போத்தலில் குற்றமில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து “என்ன அருமையான ஆண்டு” என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. என் பழைய முதலாளி கேட்டார், காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு தெரிந்துகொண்டார்.

வைத்திருக்க ஒரு இடம் வேண்டும்

பழைய வைனுக்குத் தேவையானவை 12 முதல் 14 பாகை வெப்பநிலை, ஈரப்பதன், இருட்டு, அசைவின்மை. போத்தல் கிடந்தால்தான் தக்கை நனைந்து இறுக்கமாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. முப்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே நிலவறையில், யாரும் கலைக்காமல் இருக்க வேண்டும். விலை உயர்ந்த போத்தலை விற்கும்போது அது எங்கெங்கே இருந்தது என்ற விபரத்தைக் கேட்பார்கள். இடம் மாறாமல் இருந்தது என்றால் விலை கூடும்.

பத்துத் தடவை இடம்பெயர்ந்த குடும்பங்கள் எம்மிடையே சாதாரணம். எமது மக்கள் எதையும் முதிர விடத் தெரியாதவர்கள் அல்லர். ஊறுகாய்ச் சாடியும் பனாட்டும் புழுக்கொடியலும் வைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். வைத்திருக்கும் இடம்தான் எம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. பழைய வைனின் விலையில் பாதி இந்த நிம்மதிக்கான விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு

புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு தடவை சுவைத்துப் பார்க்க விரும்புபவர்கள் பெரிய பெயர்களைத் தேட வேண்டியதில்லை. மெடொக்கிலோ சென்-எமிலியோனைச் சுற்றியுள்ள ஊர்களிலோ சிறிய தோட்டம் ஒன்றின், பத்து முதல் பதினைந்து ஆண்டு வைன் போதும். நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். வைன் தக்கைக்குக் கீழே கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தோள் வரை இறங்கியிருந்தால் காற்றுப் புகுந்திருக்கும்.

சிறிய தோட்டக்காரர்கள் இப்போது நெருக்கடியில் இருக்கிறார்கள். விற்காத வைன் தேங்கியதால், 2023 இல் ஹெக்டேயருக்கு 6,000 யூரோ கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கும் திட்டம் போர்தோவில் தொடங்கியது. தாத்தா நட்ட கொடியைப் பேரன் பிடுங்குகிறான்.

ஊருக்குப் போகும்போது பழைய போத்தலைப் பரிசாகக் கொண்டுபோக வேண்டாம். பயணத்தில் மண்டி கலங்கும். யாழ்ப்பாணத்து 30 பாகை வெப்பத்தில் சில மாதங்களிலேயே வைன் வேகிப் பழுதாகிவிடும். அங்கே உள்ளவர்களுக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பொருள்கள் எத்தனையோ உண்டு.